வீட்டு லெப்டொப்பில் ஓடுது, பாடசாலைக் கணினியில் ஓடுதில்லை. பிழை யாரில்?



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அல்லது ஊர்ச் சங்கத்தின் சந்தாக் கணக்கை யாரோ ஒரு தம்பி எழுதிக் கொடுத்த மென்பொருளில் போட்டு வைத்திருந்தால், பொறுமையாக வாசியுங்கள்.

“ஊட்டுல நல்லா ஓடிச்சி சேர், இங்க போட்டா ஓடுதில்ல.”

பைதன் படிப்பிக்கிற எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் இந்த வசனத்தைச் சொல்வார். பிள்ளை இரண்டு வாரம் இரவிரவாக விழித்திருந்து ஒரு செயற்றிட்டத்தைச் செய்திருக்கும். பென்டிரைவில் கொண்டு வந்து பாடசாலைக் கணினியில் போட்டால் பத்து வரியில் பிழைச் செய்தி வரும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். செய்த பிள்ளை ‘எனக்கு இந்தப் பாடம் சரிவராது’ என்று முடிவெடுத்துவிடும். வாப்பாவிடம் போய்ச் சொன்னால் ‘ஸ்கூல் கம்பியூட்டர் எல்லாம் பழைய சாமான்’ என்பார். சில ஆசிரியர்கள் ‘யூடியூப்பைப் பார்த்து எழுதினால் இப்படித்தான்’ என்பார்கள்.

பல நேரம் இந்த மூன்று பேரும் சொல்வது பிழை. பிள்ளை எழுதியது சரி. பாடசாலைக் கணினியிலும் பழுது இல்லை. இரண்டு இடத்திலும் இருக்கிற லைப்ரரியின் பதிப்பு வேறு வேறு. அவ்வளவுதான் விசயம். ஆனால் இந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை பிள்ளைகளை இந்தப் பாடத்திலிருந்தே விரட்டியிருக்கிறது என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

லைப்ரரி என்றால் நமக்குப் புத்தகம் இருக்கிற இடம். மென்பொருளில் அதே பெயருக்கு வேறு பொருள். வேறு யாரோ எழுதி, சோதித்து, எல்லோரும் எடுத்துப் பாவிக்கட்டும் என்று வைத்திருக்கிற நிரல்களின் தொகுப்பு. அட்டவணைக் கணக்கு, வரைபு, படம், இணையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு லைப்ரரி இருக்கிறது. இன்று எந்த மென்பொருளும் முழுக்க ஒருவரே எழுதியதல்ல. மேலே கொஞ்சம் நம்முடையது, கீழே பத்து லைப்ரரி, அந்தப் பத்துக்கும் கீழே இன்னும் பல.

உம்மாமார் முன்பு மிளகாய், மல்லி எல்லாவற்றையும் வறுத்து இடித்துத்தான் கறி ஆக்கினார்கள். இப்போது கடைத் தூள். வேலை பாதி மிச்சம். தூள் செய்கிறவர் ஒரு நாள் உப்பையும் சேர்த்து அரைக்கத் தொடங்கினால், அதே கரண்டி அளவில் போட்ட கறி உப்புக் கரிக்கும். சமைத்தவரின் கைப்பக்குவத்தில் குறையில்லை. பைக்கற்றின் பின்பக்கத்தில் அவர் எழுதித்தான் இருந்தார், யாரும் வாசிக்கவில்லை.

லைப்ரரியை எழுதுகிறவர்கள் பொதுவாக இரண்டு விதமாக அதை வெளியே விடுகிறார்கள். ஒன்று நிலையான பதிப்பு. சோதித்து முடித்தது, இனிக் கொஞ்சக் காலத்துக்கு இதன் நடத்தை மாறாது என்று சொல்லி விடுவது. மற்றது உருவாக்கப் பதிப்பு. இன்னும் வேலை நடக்கிறது, இன்று இருப்பது நாளை இல்லாமல் போகலாம், விரும்பியவர் எடுத்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்று விடுவது. பதிப்பு இலக்கத்தின் பின்னால் அல்பா, பீட்டா, ஆர்சி, டெவ் என்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது இரண்டாவது வகை.

இலக்கத்துக்கும் பொருள் இருக்கிறது. 2.1.3 என்று மூன்று எண் இருந்தால், கடைசி எண் கூடுவது திருத்தம் மட்டும். நடு எண் கூடினால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது, பழையது ஓடும். முதல் எண் கூடினால் பழைய நிரல் ஓடாமல் போகலாம். முதல் எண் பூச்சியமாக இருந்தால் எதுவும் எப்போதும் மாறலாம். எல்லா லைப்ரரிகளும் இதைச் சரியாகக் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு கதை. பைதனே கடைப்பிடிப்பதில்லை, அதில் நடு எண் மாறும்போதே சில பழைய விசயங்கள் நீக்கப்படும்.

இந்த இரண்டு வகையையும் எப்படிப் பிரித்து வைப்பது என்பதை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பார்க்கலாம். 1993 இல் தொடங்கியது, தொண்டர்கள் நடத்துவது. அவர்களிடம் மூன்று அறை இருக்கிறது. புதிதாக வரும் எந்த மென்பொருளும் முதலில் ‘நிலையற்றது’ என்ற அறைக்குள் போகும். சில நாள் அங்கே கிடந்து, பெரிய பிழை எதுவும் அறிவிக்கப்படாவிட்டால் ‘சோதனை’ அறைக்கு நகரும். ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அந்தச் சோதனை அறையை உறைய வைத்து, புதிதாக எதையும் உள்ளே விடாமல், இருக்கிற பிழைகளை மட்டும் திருத்தி, ‘நிலையானது’ என்று வெளியிடுவார்கள். 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது. 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்டில்.

பதிப்புகளுக்கு ‘டோய் ஸ்டோரி’ கார்ட்டூன் படத்தின் பாத்திரங்களின் பெயரை வைக்கிறார்கள். நிலையற்ற அறையின் பெயர் மட்டும் எப்போதும் மாறாது: சிட். படம் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும், விளையாட்டுச் சாமான்களை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன்தான் சிட். இதை விடத் தெளிவாக எச்சரிக்கை எழுத முடியாது.

டெபியன்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு விசயம் நமக்கு முக்கியம். சிட் அறையில் இருப்பதும் பிழையில்லை, நிலையான அறையில் இருப்பதும் பிழையில்லை. நிலையான கணினியில் இருந்துகொண்டு, ஒரு மென்பொருள் மட்டும் புதிதாக வேண்டும் என்று சிட்டிலிருந்து இழுத்துப் போடுவதுதான் ஆபத்து. அது தனியாக வராது. தனக்கு வேண்டிய புதிய லைப்ரரிகளையும் கூட்டிக்கொண்டு வரும். அந்தப் புதிய லைப்ரரி பழையதின் இடத்தில் உட்கார்ந்தால், பழையதை நம்பியிருந்த மற்ற மென்பொருட்கள் விழும். இப்படிக் கலந்துபோன கணினிக்கு அவர்கள் ‘பிராங்கன்டெபியன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உருவாக்கிய அந்தக் கதைப் பாத்திரத்தை நினைத்துத்தான்.

நம்முடைய ஊர்க் கணினிகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன என்பது எங்கள் அபிப்பிராயம். விண்டோஸ், பைதன், அதற்குள் இருக்கிற லைப்ரரி, எல்லாம் ஆளுக்கொரு காலத்தில் ஆளுக்கொரு கை போட்டது. எது எந்தப் பதிப்பு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

பாடசாலைக்கு வருவோம். பழைய கணினி அறைகளில் இன்றும் விண்டோஸ் 7 ஓடுகிற கணினிகளைக் காணலாம். விண்டோஸ் 7 இல் போடக்கூடிய கடைசிப் பைதன் 3.8. 3.9 இலிருந்து அதில் இன்ஸ்டோல் ஆகாது. 3.8 வந்தது 2019 ஒக்டோபரில். 2021 ஒக்டோபரில் வந்த 3.10 இல் ‘மெட்ச்’, ‘கேஸ்’ என்று புதிய கட்டளை சேர்ந்தது. வீட்டில் புதிய லெப்டொப் வைத்திருக்கிற பிள்ளை யூடியூப்பில் அதைப் பார்த்து அழகாக எழுதிக் கொண்டு வரும். பாடசாலையில் 3.8 அதைப் பார்த்து ‘இலக்கணப் பிழை’ என்று சொல்லும். எதிரே நிற்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘நீ எழுதியது பிழை’ என்றுதானே கேட்கும். உண்மையில் கணினி சொல்வது, ‘எனக்கு இது இன்னும் படிப்பிக்கப்படவில்லை’ என்பது.

இதன் மறுபக்கமும் நடக்கும். பாண்டாஸ் என்று ஒரு லைப்ரரி, அட்டவணைத் தரவுகளைக் கையாள்வதற்கு. அதில் அட்டவணையின் அடியில் இன்னொரு வரியைச் சேர்க்க ‘அபென்ட்’ என்ற கட்டளை இருந்தது. 2022 தொடக்கத்தில் வந்த 1.4 பதிப்பில் ‘இதை விரைவில் எடுத்துவிடுவோம்’ என்று எச்சரித்தார்கள். 2023 ஏப்ரலில் வந்த 2.0 இல் எடுத்தேவிட்டார்கள். ஆனால் 2018, 2019 இல் செய்த பாட வீடியோக்கள் அப்படியே இணையத்தில் இருக்கின்றன. பாடசாலைக் கணினியில் நாலைந்து வருசத்துக்கு முன் போட்ட பாண்டாஸில் அந்தப் பாடம் ஓடும். நேற்று லெப்டொப் வாங்கிய பிள்ளையின் வீட்டில் ஓடாது. விலை கூடிய லெப்டொப்பில் ஓடாதது எப்படி இந்தப் பழைய பெட்டியில் ஓடுகிறது என்று பிள்ளை குழம்பும். சாட்ஜிபிடியிடம் கேட்டால் அதுவும் சில நேரம் பழைய கட்டளையையே தரும், அது படித்ததும் அதே பழைய பாடங்களைத்தானே.

பெரிய பெரிய லைப்ரரிகளே மாறும்போது உலகம் முழுக்க இந்தக் குழப்பம் வரும். நம்பை என்பது பைதனில் கணிதத்துக்கு அடித்தளமான லைப்ரரி. பாண்டாஸ் அதன் மேல்தான் நிற்கிறது. நம்பை 2.0 பதிப்பு 2024 ஜூன் 16 இல் வெளியானது. முதல் எண் மாறியது 2006க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பழைய 1 வரிசைக்காகத் தொகுக்கப்பட்ட மற்ற லைப்ரரிகள் 2 உடன் சேர்ந்து ஓட மறுத்தன. நம்பையை எழுதியவர்கள் கவனயீனமாக இருக்கவில்லை. முன்னோட்டப் பதிப்புகளை முன்கூட்டியே வெளியிட்டு, ‘உங்கள் லைப்ரரியை இதோடு சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். பலர் செய்தார்கள். செய்யாதவர்களின் லைப்ரரியை நம்பியிருந்த பாவனையாளர்கள் ‘நம்பை 2ஐ விடக் குறைந்தது’ என்று எழுதிப் பழையதிலேயே கொஞ்சக் காலம் இருந்தார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் வீடு மாற முடியாது.

இனி உருவாக்கப் பதிப்பு பிள்ளைகளின் கைக்கு வருகிற வழி. பைதனின் புதிய பதிப்பு ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில் வரும். அதற்கு முந்திய மாதங்களில் அல்பா, பீட்டா என்று முன்வெளியீடுகள் அதே இணையத்தளத்தில் கிடைக்கும். ‘கூடிய எண்தான் கூடிய நல்லது’ என்று நினைக்கிற தம்பி அதை டவுன்லோட் செய்து போடுவார். பைதன் ஓடும், பிரச்சினையில்லை. அடுத்து ஒரு லைப்ரரியைப் போடப் போனால்தான் கதை தொடங்கும். வழமையாக லைப்ரரிகள் ஒவ்வொரு பைதன் பதிப்புக்கும் தயார் நிலையில் தொகுத்து வைக்கப்பட்டிருக்கும், இறக்கி வைப்பதுதான் வேலை. இன்னும் வெளிவராத பதிப்புக்குப் பலர் தொகுத்து வைத்திருக்க மாட்டார்கள். அப்போது கணினி மூலநிரலை எடுத்துத் தானே தொகுக்கப் பார்க்கும். முடியாமல், ‘மைக்ரோசொஃப்ட் விசுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேல் வேண்டும்’ என்று கேட்கும். அதை டவுன்லோட் செய்யப் போனால் சில ஜீபி. டேட்டா கார்ட் போட்டு இன்டர்நெட் பாவிக்கிற வீட்டில் அது ஒரு மாதக் காசு. ஒரு பதிப்பு பழையதைப் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை.

இன்னொரு வழி லினக்ஸ் பாவிக்கிறவர்களுடையது. டெபியன் 12, உபுண்டு 23.04 இலிருந்து, கணினியின் சொந்தப் பைதனுக்குள் நேரடியாக லைப்ரரி போடப் போனால் அது மறுக்கும். ‘இந்த இடம் இயங்குதளத்தின் பராமரிப்பில் இருக்கிறது, உனக்குத் தனி இடம் ஒன்று உருவாக்கிக்கொள்’ என்று சொல்லும். காரணம், இயங்குதளத்தின் சில கருவிகளே அந்தப் பைதனில்தான் ஓடுகின்றன. இந்தத் தடையைத் தாண்ட ஒரு மேலதிகச் சொல்லைச் சேர்க்கலாம். அந்தச் சொல்லின் பெயரே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’, அதாவது கணினியின் பொதிகளை உடை என்று. இப்படி வெளிப்படையாகப் பெயர் வைத்தும் இணையத்தில் எங்கோ கண்ட அந்த வரியைப் பிள்ளைகள் அப்படியே ஒட்டி என்டர் தட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் நாலு சொல்லைப் பொருள் விளங்கி வாசிக்கப் பழக்காமல் கணினி படிப்பிக்க முடியாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஆங்கில ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், இது நம் எல்லோருக்குமான வேலை.

இவ்வளவும் வாசித்துவிட்டு, ‘அப்படியென்றால் எதையும் தொடாமல் விடுவதுதான் நல்லது’ என்று சிலர் நினைக்கலாம். ஊரில் இப்படி ஒரு கட்சியும் இருக்கிறது. ஓடுகிறதைத் தொடாதே என்பது அவர்களின் கொள்கை. அதோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

பைதன் 2 இன் கதையைப் பாருங்கள். 3.0 வந்தது 2008 டிசம்பரில். இரண்டும் ஒத்துப்போகாது. பழையதை 2015 இல் நிறுத்துவதாகச் சொன்னார்கள். மக்கள் மாறவில்லை என்பதால் 2020 ஜனவரி 1 வரை நீடித்தார்கள். பதினொரு வருடம் கொடுத்தும் கடைசி மாதத்தில் ஓடியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். சிறு சிறு மாற்றமாக வருடா வருடம் செய்திருந்தால் ஒரு பாடவேளை வேலை. பதினொரு வருடத்தைச் சேர்த்து வைத்தால் முழுக்க எழுத வேண்டி வரும்.

அதே மாதிரி விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பைதன் 3.8க்கு 2024 ஒக்டோபரில். விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. நிலையானது என்பதும் கைவிடப்பட்டது என்பதும் ஒன்றல்ல. நிலையான பதிப்பு என்றால் அதைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று பொருள். 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் வெளிப்பட்டது. எழுதியவர்கள் திருத்தத்தை 1.0.1ஜி என்ற புதிய பதிப்பாக விட்டார்கள். டெபியன் தன் நிலையான பாவனையாளர்களுக்குப் புதிய பதிப்பைத் திணிக்கவில்லை. அவர்களிடம் இருந்த 1.0.1ஈ பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்து அனுப்பியது. நடத்தை மாறவில்லை, ஓட்டை அடைபட்டது. கவனிப்பு என்பது இது. விண்டோஸ் 7க்கு இப்போது அப்படி அடைக்க ஆள் இல்லை.

புதியதை எடுத்துப் பார்க்கிறவர்களையும் நாம் குறை சொல்லக் கூடாது. 2024 மார்ச் 29 இல் நடந்ததை எங்கள் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்கிறோம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்குகிற சின்ன லைப்ரரி, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். அதன் பராமரிப்பில் இரண்டு வருடத்துக்கு மேலாக உதவி செய்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு திருட்டு வாசலை வைத்துவிட்டார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சிட் அறைக்குள்ளும் இன்னும் சில இயங்குதளங்களின் சோதனைப் பதிப்புகளுக்குள்ளும் வந்திருந்தன. அன்ட்ரஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர் சிட் பாவித்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழமையை விட அரை செக்கன் கூட எடுப்பதைக் கவனித்தார். அரை செக்கன்! விடாமல் தோண்டிப் பார்த்து உலகத்துக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவே இல்லை.

நிலையான அறையில் இருந்தவர்கள் தப்பியது, சிட் அறையில் ஒருவர் விழித்திருந்ததால். ஆகவே ‘புதியதைத் தொடாதே’ என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டம் போட்டால், பிழை கண்டுபிடிக்கிறவர்கள் நம் ஊரிலிருந்து ஒருபோதும் வர மாட்டார்கள். எல்லாம் வேறு யாரோ சோதித்துத் தர வேண்டும், நாம் பாவிப்போம் என்ற நிலையிலேயே இருப்போம். அதற்காக நாற்பது பிள்ளைகள் நம்பியிருக்கிற கணினி அறையைச் சோதனைக் களமாக்கவும் முடியாது. ஒரு பாடவேளை கொஞ்ச நேரம்தான். வீட்டில் லெப்டொப் இல்லாத பிள்ளைக்கு வாரத்தில் கணினி தொடக் கிடைப்பதே அந்தப் பாடவேளைகள்தான். ஆர்வக்கோளாறில் ஒருவர் தவணை நடுவில் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டால், வசதியுள்ள பிள்ளை வீட்டில் போய்ச் செய்துகொள்ளும். மற்றப் பிள்ளையின் அந்த வாரம் போனதுதான்.

வெளிநாட்டில் மென்பொருள் வேலை செய்கிற எங்கள் நானாமார் சிலர், ‘தொழிற்துறையில் எல்லாம் லேட்டஸ்ட்தான், நீங்க இன்னும் பழசைப் படிப்பிக்கிறீங்க’ என்று கொமன்டில் எழுதுவார்கள். அன்பாகக் கேட்கிறோம்: உங்கள் கம்பனியில் வாடிக்கையாளருக்குப் போகிற மென்பொருளில் ஒவ்வொரு லைப்ரரியின் பதிப்பையும் எழுதிப் பூட்டி வைத்துத்தானே அனுப்புகிறீர்கள்? புதுப்பிக்க முன் தானாக ஓடுகிற சோதனைகள் இருக்கின்றன, உடைந்தால் திருத்த ஒரு அணி இருக்கிறது. பாடசாலையில் அந்த அணி என்பது ஒரு ஆசிரியர், அவருக்கு வாரத்தில் முப்பதுக்குக் கிட்டப் பாடவேளை.

எனவே எங்கள் கருத்து இது. பலர் பாவிக்கிற கணினியில் அடித்தளம் நிலையான பதிப்பாக இருக்க வேண்டும், அதைத் தவணை நடுவில் யாரும் தொடக் கூடாது. மாற்றுவதென்றால் வருடத்துக்கு ஒரு தடவை, டிசம்பர் விடுமுறையில், எல்லாக் கணினியிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். புதியது வேண்டுமென்றால் அதற்குத் தனி அறை.

தனி அறை என்று சொல்வது உவமைக்கு அல்ல. பைதனில் 2012 இலிருந்தே ‘வெண்வ்’ என்று ஒரு வசதி உள்ளேயே வருகிறது. ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் தனியாக ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்கு வேண்டிய லைப்ரரிகளை அதற்குள் மட்டும் போடலாம். ஒரு அறையில் பாண்டாஸ் 1.5, பக்கத்து அறையில் 2.2. ஒன்றுக்கு மற்றது தெரியாது. ஒரு அறை குழம்பினால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால் சரி. கணினியில் வேறு எதுவும் உடையாது. சிட்டைப் போல உடைத்து விளையாட ஆசைப்படுகிற பிள்ளைக்கு ஓர் அறையைக் கொடுத்துவிடுங்கள். விளையாடட்டும், பிழை கண்டால் எழுதியவர்களுக்கு அறிவிக்கவும் பழகட்டும். இதைப் பிள்ளைக்கு முதல் தவணையிலேயே சொல்லிக் கொடுக்க இருபது நிமிடம் போதும்.

அதோடு பதிப்பை எழுதி வைக்கிற பழக்கம். செயற்றிட்டத்தோடு ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்க வேண்டும், அதில் ஒவ்வொரு லைப்ரரியின் பெயரும் பதிப்பு இலக்கமும். ‘பிப் ஃப்ரீஸ்’ என்ற கட்டளையே அந்தப் பட்டியலைத் தந்துவிடும். பிள்ளை பென்டிரைவில் நிரலோடு அந்தக் கோப்பையும் கொண்டு வந்தால், பாடசாலைக் கணினியில் அதே பதிப்புகளைக் கொண்டு ஓர் அறையை உருவாக்கலாம். மருந்துத் துண்டில் மாத்திரையின் பெயரை மட்டும் எழுதி மில்லிகிராமை எழுதாமல் விட்டால் பாமசியில் என்ன செய்வார்கள்? எங்கள் பிள்ளைகளின் செயற்றிட்ட அறிக்கைகளில் ‘பைதன் பாவித்தேன்’ என்று மட்டும்தான் இருக்கிறது. இலக்கம் இல்லாத அந்த வரிக்கு இனிப் புள்ளி கொடுக்கக் கூடாது என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்டர்நெட் இல்லாத கணினி அறைக்கும் வழி இருக்கிறது. இணைப்புள்ள ஒரு கணினியில், அதே பைதன் பதிப்பு, அதே வகை விண்டோஸ் இருக்கும்படி பார்த்து, ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் தேவையான லைப்ரரிகளை ஒரு கோப்புறைக்குள் இறக்கலாம். அதைப் பென்டிரைவில் கொண்டு போய் எல்லாக் கணினியிலும் அதிலிருந்தே போடலாம். ஒரு தடவை டேட்டா, இருபது கணினி. எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு.

பாடசாலைக்கு வெளியேயும் இதே கதைதான். நமது ஊர்களில் ஜனாஸா சங்கம், விளையாட்டுக் கழகம், நூலகம் என்று பல இடங்களில் ஆர்வமுள்ள இளைஞர்கள் இலவசமாக எழுதிக் கொடுத்த மென்பொருட்கள் ஓடுகின்றன. அவர்களின் உழைப்புக்கு அல்லாஹ் கூலி கொடுப்பானாக. ஆனால் எழுதியவர் கட்டாருக்கோ கொழும்புக்கோ போன பிறகு ஒரு நாள் அது நின்றுவிடும். பழைய பிஎச்பியில் எழுதிய பல தளங்கள் அப்படி நின்றன. தரவுத்தளத்தோடு பேசுவதற்கு அவற்றில் பாவித்திருந்த பழைய கட்டளைகள், 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7 இல் முற்றாக நீக்கப்பட்டன. தளத்தை வைத்திருக்கிற சேவை வழங்குனர் தன் கணினியைப் புதுப்பித்த அன்று, இங்கே சந்தாப் பட்டியல் திறக்கவில்லை. யார் கட்டியது, யார் கட்டவில்லை என்று தெரியாமல் சங்கக் கூட்டத்தில் வாக்குவாதம் வரும். எழுதிய தம்பியின் நேர்மையைக் கூடச் சிலர் சந்தேகிப்பார்கள். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எந்தப் பதிப்பில் எழுதினேன், எதை மாற்றினால் இது நிற்கும் என்று அரைப் பக்கம் எழுதித் தரும்படி சங்கமும் கேட்கவில்லை.

சங்கத் தலைவர்கள், செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி யாராவது மென்பொருள் செய்து தந்தால், நன்றி சொல்லி ஞாபகச் சின்னம் கொடுக்க முன் அந்த அரைப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பைதனா பிஎச்பியா, எத்தனையாம் பதிப்பு, எந்த எந்த லைப்ரரி, அவை எத்தனையாம் பதிப்பு, தரவின் பிரதி எங்கே இருக்கிறது. அச்சிட்டு அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்துப் பொறுப்பெடுக்கிற தம்பிக்கு அதுதான் சாவி.

டிசம்பர் விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து உயர்தர மாணவர்களுக்கான லைப்ரரிகளை ஒரு கோப்புறையாகத் தயாரிக்கவிருக்கிறோம். பென்டிரைவ் கொண்டு வந்தால் பிரதி எடுத்துக்கொள்ளலாம், காசு எதுவும் இல்லை. அதற்கு முன் ஒரு சின்ன உதவி வேண்டும். பிள்ளையின் லெப்டொப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘பைதன்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சின்னக் கோடு போட்டு, இடைவெளி இல்லாமல் ‘வேர்ஷன்’ என்று அடித்து என்டர் தட்டச் சொல்லுங்கள். ஓர் இலக்கம் வரும். அந்த இலக்கத்தையும் விண்டோஸ் எத்தனை என்பதையும் கொமன்டில் போடுங்கள். எந்தெந்தப் பதிப்புக்குத் தயாரிக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிப்போம்.